கூடக்குறைய எட்டு டிகிரி

பதறுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், எடுத்துப் பேசுவதற்கு முன்பே கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன். சாவி கைக்குக் கிடைக்கும்போது போன் அடித்து ஓய்ந்திருக்கும். திரும்பக் கூப்பிட்டால், விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை அளவு கேட்டேன் என்பார் ஆசிரியை. இப்படிப்பட்ட ஒருவனிடம்தான், ஒரு தொழிற்சாலையின் கருவிகள் எவ்வளவு சரியாக அளக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களின் துணிச்சலை நான் இன்றுவரை வியக்கிறேன்.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் எங்கள் தொழிற்சாலை வரும். தேங்காய்ப்பால் பிழிந்து, காய்ச்சி, குளிரவைத்து, பையில் அடைத்து அனுப்புகிறோம். அதை இங்கே யாரும் தேங்காய்ப்பால் என்று சொல்வதில்லை; சந்தான் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தொட்டியில் சூடு எவ்வளவு, குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதைச் சென்சார்கள் கண்டுபிடிக்கும். ஆனால் அவை பேசுவது எண்ணில் அல்ல, மின்சாரத்தின் மெல்லிய ஏற்ற இறக்கத்தில். அதைக் காது கொடுத்துக் கேட்டு, எண்ணாக மாற்றித் திரைக்கு அனுப்புபவை பேனல் என்கிற இரும்புப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இன்புட் மாட்யூல்கள். மறுபக்கம், எண்ணை மின்சாரமாக்கி, நீராவி வால்வைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் திற' என்று சொல்பவை அவுட்புட் மாட்யூல்கள். ஆக ஒன்று காது, இன்னொன்று வாய். இரண்டுக்கும் வைத்தியன் நான். நோயாளிக்கு முன்பே பதறுகிற வைத்தியன்.

சந்தான் காய்ச்சுவது கொஞ்சம் இக்கட்டான சமாச்சாரம். எங்கள் முறையில் எழுபத்திரண்டு டிகிரிக்குக் கீழே போனால் கிருமி சாகவில்லை என்று கணக்கு. எண்பதைத் தாண்டினால் பால் திரிந்து, கட்டி கட்டியாக நிற்கும். அதனால் எழுபத்து நான்கில் பிடித்து வைத்துக் காய்ச்சுகிறோம். கீழே இரண்டு டிகிரி இடம். அந்த இரண்டு டிகிரியில்தான் என் சம்பளம், நிம்மதி எல்லாம் குடியிருக்கின்றன.

அன்று அந்தத் தொட்டியைக் காய்ச்சியது புதிதாக லைன் லீடர் ஆன தங்கச்சி. சொந்தத் தங்கச்சி இல்லை; எல்லாரும் என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்குத் தொழிற்சாலை முழுக்கத் தங்கச்சிகள். பல வருஷம் பை அடைக்கும் பகுதியில் நின்றவள். காய்ச்சும் பகுதிக்கு லீடராக வந்த முதல் பெண் அவள்தான். அன்றைய தொட்டி, அவள் பெயரில், அவள் கையெழுத்தில் போகும் முதல் தொட்டி. அந்தப் பகுதியில் உள்ள ஆண்கள் வாயால் வாழ்த்திவிட்டு, கண்ணால் காத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தொட்டி வடிகாலுக்குப் போனால் என்ன பேசலாம் என்று அவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பால் நன்றாகத்தான் காய்ந்தது. திரையில் எழுபத்து நான்கு, ஆடாமல் அசையாமல் நின்றது. குளிர்த்தொட்டிக்கு மாற்றியாயிற்று. சிங்கப்பூருக்குப் போக வேண்டிய லாரியும் வந்து வாசலில் நின்றது.

அப்போதுதான் தரக் கட்டுப்பாட்டு மேடம் என்னைக் கூப்பிட்டார். சீனப் பெண், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், என்னை 'அங்கிள்' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன். சிங்கப்பூர்க்காரர்கள் போனில் ஒரு கேள்வி கேட்டார்களாம்: எழுபத்து நான்கு என்று காட்டுகிறீர்களே, அது எவ்வளவு நம்பகமான எழுபத்து நான்கு? சென்சாரை மட்டும் சொல்லாமல், மாட்யூலையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேடம் அதை என்னிடம் தள்ளிவிட்டார். ஒரே ஒரு எண் போதும், லாரி கிளம்புவதற்குள் வேண்டும் என்றார்.

சாதாரண நாளாக இருந்தால், நல்ல வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறோம், அதை வைத்து ஒப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அந்த வெப்பமானி, தான் நல்ல வெப்பமானிதான் என்று சான்றிதழ் வாங்குவதற்காகச் செனாயில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தது.

சரி, மாட்யூலின் கையேட்டைப் பார்ப்போம் என்று திறந்தேன். துல்லியம் அரை சதவீதம் என்று போட்டிருந்தது. எனக்கு அது பழைய சிநேகிதன். எழுபத்து நான்கில் அரை சதவீதம் அரை டிகிரி கூட வராது என்று பல வருஷமாக நிம்மதியாக இருந்தவன் நான். அன்றைக்கு என்னவோ, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழு வரியையும் படித்தேன். அரை சதவீதம்தான், காட்டுகிற எண்ணில் அல்ல, முழு அளவெல்லையில். எங்கள் மாட்யூலை நிறுவிய கான்ட்ராக்டர் எல்லையை மைனஸ் இருநூறிலிருந்து எண்ணூறு வரை தாராளமாகத் திறந்துவிட்டுப் போயிருந்தார். மொத்தம் ஆயிரம் டிகிரி. தேங்காய்ப்பாலுக்கு எதற்கு எண்ணூறு டிகிரி என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். ஆயிரத்தில் அரை சதவீதம் ஐந்து டிகிரி.

என் இரண்டு டிகிரி இடத்துக்குள் ஐந்து டிகிரி வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் நிதானமான ஆள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு யோசிப்பான். நான் பென்சிலை எடுத்தேன். மாட்யூலுக்கு ஐந்து. பேனலுக்குள் வெக்கை அதிகம், வெக்கையில் மாட்யூல் தடுமாறும், அதற்கு இரண்டு. சென்சாருக்கு அரை. அப்புறம், விட்டுப்போகக் கூடாதே என்று, அவுட்புட் மாட்யூலுக்கும் ஒரு அரை. அவுட்புட் மாட்யூலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அது வால்வைத் திறப்பதில் கொஞ்சம் கூடக்குறைய நடந்தாலும், காது கேட்டுத் திருத்திவிடும். அளவு எவ்வளவு என்ற வழக்கில் அதை இழுத்தது, திருட்டு நடந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் போலீஸுக்குக் கூட்டிப்போனது போல. ஆனால் பதற்றத்தில் எனக்கு எல்லாரும் குற்றவாளிகள். கூட்டினேன். எட்டு.

எழுபத்து நான்கில் எட்டுப் போனால் அறுபத்தாறு. அறுபத்தாறில் தேத்தூள் கூடச் சரியாக ஊறாது.

மேடத்திடம் போய், கூடக்குறைய எட்டு டிகிரி என்று சொன்னேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார், நடந்து போனார், குளிர்த்தொட்டியில் மாட்டினார். சிவப்பு அட்டை மாட்டினால் பால் நகரக் கூடாது. சாயங்காலத்துக்குள் கழற்றவில்லை என்றால் வடிகாலுக்குப் போகும். அந்தச் சின்ன அட்டையை அவர் மாட்டிய சத்தம், எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது. காய்ச்சும் பகுதி ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கச்சி என்னிடம் நேராக வந்தாள். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையுறையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ கறி வெந்ததா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"அண்ணே, ஒன்னு மட்டும் சொல்லுங்க. என் பால் வெந்துச்சா, வேகலையா?"

"அது வந்து... கணக்குப்படி பார்த்தா, வெந்தும் இருக்கலாம், வேகாமலும் இருக்கலாம்."

"இதச் சொல்றதுக்கா ஒங்களுக்கு மூக்குக் கண்ணாடி?"

அவளுக்குப் பதில் சொல்ல, எனக்குச் சூடு நிச்சயமாகத் தெரிந்த ஏதாவது ஒரு பொருள் வேண்டியிருந்தது. நல்ல வெப்பமானிதான் ஊரில் இல்லை. ஆனால் உருகுகிற ஐஸ் எப்போதும் பூஜ்யம் டிகிரி. அதற்குச் சான்றிதழ் கொடுக்க எந்தச் செனாயும் வேண்டாம். தொட்டியிலிருந்து சென்சாரை உருவி, ஐஸ் தண்ணீரில் முக்கினால், திரை பூஜ்யம் காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவு தப்பு, சென்சாரும் மாட்யூலும் சேர்த்து. இது நினைவுக்கு வந்ததும் எனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

ஐஸுக்குக் கேண்டீனுக்கு ஓடினேன். சாப்பாட்டு நேரம் முடிந்து, பெட்டியில் ஐஸ் தீர்ந்திருந்தது. அங்கிருந்து வாசலுக்கு ஓடினேன். எதிர்ப்பக்கம் குடை நட்டு, மரத்தொட்டியில் தேங்காய் ஐஸ்கிரீம் விற்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் உண்டு; எல்லாருக்கும் அவர் பக்சிக், மாமா என்பது போல. தன் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, தினமும் மோட்டார்சைக்கிளில் வருவார். ஐஸ் இருக்கிறதா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். ஐஸ்கிரீம் வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், வெறும் ஐஸ், அவசரம் என்றேன். என் முகத்தைப் பார்த்து யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றே நினைத்திருப்பார். மூடியைத் திறந்து, ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றி அடைத்திருந்த ஐஸை ஒரு வாளி நிறைய அள்ளிக் கொடுத்தார். நான் ஓட ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒன்று சொன்னார்.

"ஜாங்கான் மாக்கான், ஆ."

சாப்பிடாதே என்கிறார். என் தொண்டையின் மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன்.

பேனல் பக்கத்தில் வாளியை வைத்து, ஐஸை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சென்சாரை நட்டேன். தங்கச்சி திரையைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. இருபது, பத்து, ஐந்து, ஒன்று, பூஜ்யம் என்று இறங்கியது. நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி, மாடிப்படியில் கால் தவறியவன் மாதிரி கீழே போய், மைனஸ் நான்கில்தான் நின்றது.

நான்கு டிகிரி தப்பு. என் கணக்கு பொய்யில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை கூட வந்தது. கப்பல் மூழ்கும் என்று சரியாகச் சொன்னவன், அதே கப்பலில் நின்றுகொண்டு படுகிற பெருமை. உடனே மேடத்துக்குப் போன் போட்டேன். நான்கு டிகிரி தப்பு நிரூபணம் ஆகிவிட்டது, பாலைக் கொட்டிவிடலாம், நான் ராஜினாமா செய்யவும் தயார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மலாயில் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கிள், லெபே கா, கூராங் கா?"

கூடவா, குறைவா. தப்பு எவ்வளவு என்பதில்தான் என் மொத்த உயிரும் இருந்தது. எந்தப் பக்கம் தப்பு என்று நான் யோசிக்கவே இல்லை. பூஜ்யத்தை மைனஸ் நான்கு என்று காட்டுகிற கருவி, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது. அப்படியானால் எழுபத்து நான்கு என்று காட்டியபோது பால் எழுபத்தெட்டில் இருந்திருக்க வேண்டும். வேகவில்லை என்று நான் அழுத பால், தேவைக்கு மேலேயே வெந்திருக்கிறது. நான் மணிக்கணக்காகத் தவறான திசையில் பதறிக்கொண்டிருந்திருக்கிறேன். தானே கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டு மேடம் போனை வைத்தார்.

பேனல் பக்கத்து வெக்கை, ஓட்டம், வெட்கம் எல்லாம் சேர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யோசிக்காமல் வாளியில் கைவிட்டு ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டேன். உப்பாக இருந்தது.

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு ஐஸின் மேல் சந்தேகம் வரவில்லை. நான் அழுகிறேன், கண்ணீர்தான் வாய்க்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். கன்னத்தைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. இன்னொரு துண்டு போட்டேன். அதுவும் கடல். அப்புறம்தான் பக்சிக் 'சாப்பிடாதே' என்று சொன்னதன் அக்கறை புரிந்தது. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்க ஐஸில் உப்புப் போட்டு அடைப்பார்கள். உப்பு விழுந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்த மைனஸ் நான்கு, மாட்யூலின் தப்பே இல்லை. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான்தான் பொய் சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

"அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். தங்கச்சி என்ன என்று கேட்டாள். உப்பு, கண்ணீர் என்று நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, தொட்டியில் தொங்கிய சிவப்பு அட்டையை ஒரு தடவை பார்த்தாள்.

"இப்ப என்னண்ணே வேணும்? உப்பில்லாத ஐஸா?"

"ஆமா. ஆனா எங்க போறது, யோங் பெங் போய்ட்டு வர்றதுக்குள்ள..."

அவள் உடைமாற்றும் அறைக்குப் போய், கை நிறையப் போத்தல்களோடு வந்தாள். பை அடைக்கும் பகுதிப் பெண்கள் ராத்திரியே குடிதண்ணீரைப் போத்தலில் ஊற்றி உறையவைத்து, துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள். மத்தியானம் வரைக்கும் சில்லென்று இருக்கும். பாதி உருகியும் பாதி கட்டியாகவும் இருந்தன. நான் கேண்டீனுக்கும் ரோட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், எனக்கு வேண்டிய ஐஸ் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்திருக்கிறது. முன்பே சொல்லக் கூடாதா என்று பாவமாகக் கேட்டேன்.

"நீங்க நின்னாத்தானேண்ணே சொல்றதுக்கு."

வாளியைக் கழுவி, போத்தல்களை உடைத்து, ஐஸை நொறுக்கிப் போட்டோம். மேடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முன்னெச்சரிக்கையாக ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். அவர் புருவத்தை உயர்த்தினார். அது என் புதிய பரிசோதனை முறை என்றேன். சென்சாரை முக்கினோம். எண் இறங்கியது. மூன்று, ஒன்று, அரை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தங்கச்சி படித்தாள்: பூஜ்யம் புள்ளி இரண்டு. கொஞ்ச நேரம் கழித்தும் அதே எண்.

அடுத்து, கொதிக்கும் தண்ணீர். யோங் பெங் ஒன்றும் கேமரன் மலை இல்லை. இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட நூறிலேயே கொதிக்கும். கெண்டியில் வைத்துப் பார்த்ததில் நூறு புள்ளி இரண்டு. எங்கள் எழுபத்து நான்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு முனையிலும் ஒழுங்காக நடந்துகொள்கிறவன் நடுவில் மட்டும் ரவுடித்தனம் பண்ண மாட்டான். பேனலும் பால் காய்ந்தபோது இருந்த அதே வெக்கையில்தான் இருந்தது.

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். தேத்தண்ணியும் வந்தது. கையேட்டில் இருந்த ஐந்து டிகிரி, மாட்யூலைச் செய்தவன் உலகத்துக்கே கொடுக்கும் வாக்கு: எந்த ஊரில், எந்தப் பேனலில் மாட்டினாலும் இதற்கு மேல் தப்பு வராது என்று. எங்கள் பேனலில் மாட்டியிருப்பது எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்பதை இப்போது நாங்களே பார்த்துவிட்டோம். மீதி இருந்தவை சில்லறைச் சந்தேகங்கள்: ஐஸ் எவ்வளவு சுத்தம், பேனல் வெக்கை நாளுக்கு நாள் எவ்வளவு மாறும், சென்சாரை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நட்டோமா. அவற்றையும் நேராகக் கூட்டக் கூடாது. கல்யாணத்துக்கு அழைத்த அத்தனை பேரும், அத்தனை குடும்பத்தோடு, ஒரே பந்திக்கு வருவார்கள் என்று பிரியாணி போடுகிற கணக்கு அது. தப்புகள் அப்படிக் கைகோத்துக்கொண்டு வருவதில்லை. ஒன்று மேலே இழுத்தால் இன்னொன்று கீழே இழுக்கும். ஒவ்வொன்றையும் தன்னாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. எனக்குத் தெரிந்தவை எல்லாம் அவசரம் என்றால் சொல்லிக்கொள்ளாமல் லீவு போட்டுவிடும். அவுட்புட் மாட்யூலை மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு அனுப்பினேன். கணக்கு, தாராளமாகப் போட்டும், ஒரு டிகிரிக்குள் முடிந்தது.

எழுபத்து நான்கில் ஒன்று போனால் எழுபத்து மூன்று. எழுபத்திரண்டுக்கு மேலேதான்.

மேடம் என் கணக்கை ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தார். பிறகு சிங்கப்பூருக்குப் போன் போட்டு, ஒரு டிகிரிக்குள் என்று சொன்னார். ஐஸில் எப்படிப் பார்த்தோம், கொதிநீரில் எப்படிப் பார்த்தோம் என்பதையும், நல்ல வெப்பமானி வந்ததும் திரும்ப ஒரு தடவை பார்ப்போம் என்பதையும் சொன்னார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அவருடைய 'அங்கிள்' எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அவர் நடந்துபோய் அட்டையைக் கழற்றினார். தங்கச்சி கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை என்று இரண்டு தடவை உதறினாள். என் பேனாவைக் கொடுத்தேன். லாரி வெயில் தாழ்வதற்கு முன்பே கிளம்பிவிட்டது.

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்சிக் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனிதருக்குப் பெரிய மனது.

நான் திரும்பி வருவதற்குள் செய்தி காய்ச்சும் பகுதி முழுக்கப் பரவியிருந்தது. அந்த ஆண்கள் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சை எல்லாம் என்மேல் கொட்டினார்கள். ஒருவர் என் மேசையில் உப்புப் பொட்டலம் வைத்தார். இன்னொருவர், என்னைக் கண்டதும் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு மாட்யூலின் எல்லையை நூற்றைம்பதோடு சுருக்க வைத்த அன்றுகூட, எண்ணூறிலேயே விட்டு வையுங்கள், அண்ணனுக்குக் கோபம் வந்தால் அளக்க வேண்டாமா என்றார்கள். இந்த அமளியில், காய்ச்சும் பகுதியில் ஒரு பெண்ணின் முதல் தொட்டி ஒழுங்காக லாரி ஏறிப் போனதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமே கிடைக்கவில்லை. நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை. அது எல்லாத் தொட்டியையும் போல ஒரு தொட்டியாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் நீராவி வால்வைத் திறக்கப் போகும் நேரத்தில், தங்கச்சி என்னைத் தேடிக்கொண்டு பேனல் பக்கம் வந்தாள். ஏதாவது கோளாறோ என்று நான் அதற்குள் பாதி எழுந்துவிட்டேன்.

"ஒன்னுமில்லண்ணே, ரெண்டாவது தொட்டி ஏத்தப் போறேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க சும்மா அந்தப் பக்கமா வந்து கொஞ்ச நேரம் பதறிட்டுப் போங்களேன்."

போனேன். அதற்கு எனக்குத் தயாரிப்பு எதுவும் தேவைப்படவில்லை.